ஆறின சட்னியில் ஊற்றிய ஐந்து டம்ளர் தண்ணீர்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நானே ஆசை ஆசையாகச் செய்து விற்ற புளி இனிப்புச் சட்னியை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி, பாட்டில் பாட்டிலாகத் திறந்து ஒரு பழைய பெயிண்ட் வாளியில் கொட்டினேன். ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் சோடா திறந்த மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இதை எழுதுவது புலம்புவதற்காக இல்லை. பேல்பூரி, பானிபூரி, சமோசா சாட் எதற்கும் மேலே ஊற்றுகிற அந்தக் கருஞ்சிவப்புச் சட்னியை வீட்டில் செய்வது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்கிறார்கள், செய்து காட்டுகிறார்கள். எது கெடுக்கும் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் போயிருக்காது, கையும் வெந்திருக்காது.

எங்கள் வீட்டில் இந்தச் சட்னி நன்றாக வரும். 250 கிராம் புளி, 600 கிராம் வெல்லம், 150 கிராம் பேரீச்சை, மொத்தமாக ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். கொஞ்சம் சுக்குப் பொடி, வறுத்து அரைத்த சீரகம், மிளகாய்த் தூள், கறுப்பு உப்பு. சுண்டி வரும்போது ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ கிடைக்கும். பையனின் பிறந்தநாளுக்குப் பானிபூரி போட்டபோது மூன்றாம் மாடி அக்கா ஒரு கிண்ணம் வாங்கிப் போனார்கள். அவர்கள் வழியாகப் பேச்சுப் பரவி, தீபாவளிக்கு எல்லாரும் வீட்டில் சாட் போடுவதாகவும் எனக்கு ஒன்று, எனக்கு ரெண்டு என்றும் கேட்க ஆரம்பித்தார்கள். 250 கிராம் பாட்டில் 130 ரூபாய் என்று சொன்னேன். ஒரே வாரத்தில் 24 பாட்டிலுக்கு ஆள் சேர்ந்து 3,120 ரூபாய் முன்பணமாகவே கைக்கு வந்துவிட்டது. என் சமையலுக்கு ஒருவர் பணம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு கணக்கைத்தான் போட்டேன்: எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கினால் ஆறு கிலோ, வேலை முடிந்தது. கணவர் வெளியூரில் வேலை, பையன் நாலாவது படிக்கிறான். எனவே எல்லாம் நான் ஒருத்திதான்.

முதல் அடி ராத்திரியே விழுந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது காலையில்தான். ஒன்றேகால் கிலோ புளியை ஊற வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டுமே என்று பரணிலிருந்த அலுமினியக் குண்டானை இறக்கி, வெந்நீர் ஊற்றி, புளியைப் பிய்த்துப் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். வருஷக்கணக்கில் வெந்நீர் போட்டுப் போட்டு உள்ளே சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்த குண்டான் அது. காலையில் திறந்தால், புளித்தண்ணீர் எந்த உயரம் வரை நின்றதோ அந்தக் கோடு வரை உள்பக்கம் புதுப் பாத்திரம் போலப் பளபளவென்று வெளுத்திருந்தது, கோட்டுக்கு மேலே பழைய மங்கல் அப்படியே இருந்தது. அந்த மங்கல் எங்கே போயிருக்கும்? தண்ணீருக்குள்தான். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், புளிப்புக்குப் பின்னால் தகரத்தை நக்கின மாதிரி ஒரு ருசி. மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி கடைக்குப் போனேன். 275 ரூபாய்.

புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் லேசுப்பட்டது இல்லை. பித்தளையும் செம்பும் பளபளக்க நாம் புளி போட்டுத் தேய்ப்பது எதனால்? உலோகத்தின் மேலே படிந்ததை அது கரைத்து எடுத்துவிடுகிறது, அதனால்தான். அதே வேலையைச் சட்னி கொதிக்கும்போதும் செய்யும். எனவே அலுமினியம் வேண்டாம். ஈயம் தேய்ந்த பித்தளை உருளி வேண்டவே வேண்டாம், செம்பு கரைந்து இறங்கினால் குமட்டலும் வாந்தியும் வரும். இரும்புச் சட்டியில் செய்தால் சட்னி மசி மாதிரிக் கறுத்து, இரும்பு வாடையும் வரும். எவர்சில்வர்தான் சரி. மண்சட்டியும் கல்சட்டியும் வைத்திருப்பவர்கள் தாராளமாக அதில் செய்யலாம், புளிக்குழம்புக்கு அந்தக் காலத்தில் கல்சட்டியை எடுத்தது காரணம் இல்லாமல் இல்லை. ஊற வைக்கவும் அதே விதிதான். நான் ஊற வைப்பதைச் சமையலாகவே நினைக்கவில்லை, அங்கேதான் தப்பு நடந்தது.

இரண்டாவது தடவை புளி வாங்கும்போது இன்னொன்றும் கவனித்தேன். வீட்டில் இருந்தது போன வருஷத்துப் புளி, கறுத்திருந்தது. கடைக்காரர் கொடுத்தது அதைவிடப் புதிது, செம்மண் நிறம். புளி மாசியிலும் பங்குனியிலும் உலுக்குவார்கள், அப்போது வருவது பழுப்புச் சிவப்பாக இருக்கும், வைக்க வைக்கத்தான் கறுக்கும். ரசத்துக்கும் குழம்புக்கும் பழைய புளி கேட்டு வாங்குவோம். இந்தச் சட்னிக்கு, என் அனுபவத்தில், புதுப்புளிதான் நல்ல நிறம் தருகிறது. பழைய புளியில் செய்தால் ருசி கெடாது, ஆனால் தார் மாதிரி இருக்கும். அப்புறம், வைத்திருக்கிற புளியில் பெரும்பாலும் உப்புப் போட்டு உருட்டியிருப்பார்கள். அதனால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும். வெல்லத்தை நேரே புளிக்கரைசலில் போடாமல், தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மூன்று கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளிய வைத்தபோது அடியில் ஒரு விரல்கடை மண் தங்கியிருந்தது, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நெருநெருவென்றது. கரும்புச் சக்கைத் துணுக்கு, ஒரு சணல் இழை எல்லாம் இருந்தது. பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்தை விட்டுவிட்டுப் பழுப்பாக இருப்பதை வாங்குங்கள், வெளுக்க வைக்க ரசாயனம் போடுகிறார்கள்.

ஊறின புளியையும் பேரீச்சையையும் மிக்ஸியில் அடிக்கலாமா என்றால் அடிக்கலாம், ஆனால் கொட்டை நீக்கிய புளி என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி அப்படியே போட வேண்டாம். ஒன்றேகால் கிலோவில் நான் பதினோரு கொட்டை எடுத்தேன். புளியங்கொட்டை கல் மாதிரி, பிளேடை உடைத்துவிடும். முதலில் கையால் பிசைந்து, கொட்டையையும் ஓட்டுத் துணுக்கையும் நாரையும் எடுத்துவிட்டு, பேரீச்சையோடு சேர்த்து ஒரு சுற்று மட்டும் விட்டு, கண் பெரிய சல்லடையில் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்க வேண்டும். சல்லடையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருப்பதுதான் கெட்டியான விழுது, அதை வழிக்க மறந்துவிடக் கூடாது. இந்த வேலைக்கே எனக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டிய நேரத்தில் முழங்கை வரை புளியோடு நின்றேன்.

சாயந்திரம் ஐந்தரைக்கு அடுப்பில் ஏற்றினேன். வீட்டு அளவுக்குச் செய்யும்போது 25 நிமிஷத்தில் பதம் வந்துவிடும். ஐந்து மடங்குக்கு எவ்வளவு ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை, கொஞ்சம் கூட ஆகலாம் என்று நினைத்தேன். ஏழு மணி, ஏழரை, எட்டு ஆகியும் தண்ணீராகவே கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் நிதானமாக யோசித்தபோது புரிந்தது. தண்ணீர் ஆவியாகப் போவது பாத்திரத்தின் வாய் வழியாகத்தான். சட்னியின் அளவு ஐந்து மடங்கானால் பாத்திரத்தின் வாயும் ஐந்து மடங்கா ஆகிறது? ஆழம்தான் கூடுகிறது. நான் எடுத்தது குழாய் மாதிரி உயரமான தவலை, வாய் குறுகல். அகலமான இரண்டு கடாய்களில் பிரித்துச் செய்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். இன்னொரு தப்பு, வெல்லத்தை ஆரம்பத்திலேயே ஊற்றிவிட்டேன். பாகு சேர்ந்ததும் அடி பிடிக்கத் தொடங்கும், பிறகு ஒரு நிமிஷம் அடுப்பை விட்டு நகர முடியாது. முதலில் புளி, பேரீச்சை விழுதை மட்டும் கொதிக்க வைத்து, பச்சை வாசனை போய்ப் பாதிக்குப் பாதி சுண்டின பிறகு வெல்லக் கரைசலைச் சேர்த்தால் கிளறுகிற நேரம் பாதியாகக் குறையும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

எட்டரை மணிக்குப் பொறுமை போய் அடுப்பைப் பெரிதாக்கினேன். பையன் வீட்டுப்பாடத்தில் ஏதோ சந்தேகம் கேட்டான், திரும்பிப் பதில் சொன்னேன். அந்த நேரத்தில் தவலைக்குள்ளிருந்து 'பொளக்' என்று ஒரு குமிழி வெடித்து, ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு என் இடது மணிக்கட்டில் விழுந்தது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஓடாது, ஒட்டிக்கொண்டு நின்று சுடும். கத்தினேன். துடைத்தால் தோலும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, பையன் பயந்து அழ ஆரம்பித்துவிட்டான், நான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாக ஃப்ரிட்ஜிலிருந்த இட்லி மாவை எடுத்து அப்பிக்கொண்டு, வலது கையால் கிளறினேன். அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை, 24 பேரிடம் பணம் வாங்கியிருக்கிறேனே என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. மறுநாள் மருத்துவர் அந்த மாவைச் சுத்தம் செய்யும்போதுதான் நிஜமாக வலித்தது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: மாவு, பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். 20 நிமிஷம் என்பது நிற்க நிற்க ரொம்ப நீளம், ஆனால் அதுதான் மருந்து. மருத்துவருக்கு 500, களிம்புக்கு 180. நீளக் காம்புக் கரண்டி, முழுக்கை சட்டை, மேலே ஓட்டை மூடி அல்லது சல்லடை, சட்னி கெட்டிப்பட ஆரம்பித்ததும் அடுப்பைக் குறைப்பது, இந்த நாலும் இருந்திருந்தால் அந்தப் பொட்டு விழுந்திருக்காது. சின்னப் பிள்ளைகளை அந்தக் கடைசி அரை மணி நேரம் சமையலறைக்குள் விடவே விடாதீர்கள். என் கையில் விழுந்தது அவன் முகத்தில் விழுந்திருந்தால் என்று நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன்.

ஒன்பதரைக்குச் சட்னி கடையில் பார்க்கிற மாதிரி கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழ ஆரம்பித்தது. சரி, பதம் வந்துவிட்டது என்று அணைத்தேன். இங்கேதான் எல்லாம் கெட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. பையனுக்குச் சாப்பாடு போட்டு, தூங்க வைத்து, பதினொரு மணிக்குப் புனலும் பாட்டிலுமாக வந்து உட்கார்ந்தால், தவலைக்குள் சட்னி இல்லை, அல்வா இருந்தது. கரண்டியைக் குத்தினால் அப்படியே நின்றது. புனலில் போட்டால் இறங்கவே இல்லை. புளியிலும் பேரீச்சையிலும் பெக்டின் இருக்கிறது, ஜாம் ஆறினால் உறைவதும் அதனால்தான். வெல்லப் பாகும் ஆற ஆற இறுகும். இரண்டும் சேர்ந்தால், சூட்டில் இருக்கும் பதமும் ஆறின பிறகு இருக்கும் பதமும் வேறு வேறு ஆள். அடுப்பில் இருக்கும்போது உங்களுக்குப் பிடித்த கெட்டி வந்துவிட்டது என்றால், நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். சூட்டில் விளக்கெண்ணெய் மாதிரி ஒழுக வேண்டும், கரண்டியின் முதுகில் மெல்லிசாகப் படிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அதில் அரைக் கரண்டி விட்டு, ஒரு நிமிஷம் கழித்து நடுவில் விரலால் கோடு இழுங்கள். கோடு மெதுவாக வந்து மூடிக்கொண்டால் சரியான பதம். உடனே மூடினால் இன்னும் சுண்ட வேண்டும். மூடவே இல்லை என்றால் மேலே போய்விட்டது. ருசியையும் அந்தக் குளிர்ந்த தட்டிலிருந்தே பாருங்கள், சூட்டில் இனிப்பு தூக்கலாகத் தெரியும், ஆறினதும் புளிப்பு மேலே வந்துவிடும்.

இதெல்லாம் அன்று ராத்திரி எனக்குத் தெரியாது. மணி பதினொன்றரை, கை எரிகிறது, காலையில் எல்லாருக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். குடிக்கிற கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து ஊற்றி மத்தால் கடைந்தேன். இளகியது. இன்னொரு டம்ளர். மொத்தம் ஐந்து டம்ளர் ஊற்றினேன். அழகாக, பளபளவென்று, ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிட்டது. 24 பாட்டிலும் நிறைந்து, வீட்டுக்கென்று இரண்டும் கிடைத்தபோது பட்ட கஷ்டம் எல்லாம் மறந்து போயிற்று. பாட்டில்களை சாயந்திரம்தான் கழுவிக் கவிழ்த்திருந்தேன், சிலதில் அடியில் ஈரம் முத்து முத்தாக இருந்தது. துணியால் துடைத்துவிட்டு நிரப்பினேன். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "புளிதானே, வெளியிலேயே ஒரு மாசம் இருக்கும்" என்று நானே சொல்லியும் கொடுத்தேன். மனதார நம்பித்தான் சொன்னேன். வீட்டில் புளி இரண்டு வருஷம் இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது, புளிக்காய்ச்சல் இருக்கிறது, புளித்த பொருள் எப்படிக் கெடும்?

ஐந்தாம் நாள் மூன்றாம் மாடி அக்கா போன் செய்தார்கள். திட்டவில்லை, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். "ஏம்மா, மூடியத் தொறந்ததும் புஸ்ஸுனு வந்துச்சு. கள்ளு மாதிரி ஒரு வாடை அடிக்குது. அப்படித்தான் இருக்குமா?" எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் வீட்டுப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கடுகைவிடச் சின்னதாகக் குமிழிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மேலே நுரை ஒரு வளையமாகக் கட்டியிருந்தது. தகர மூடியின் நடு லேசாக உப்பியிருந்தது, உள்பக்க ஓரத்தில் துரு. இரண்டாவது பாட்டிலில் இதற்கு மேல், துவரம்பருப்பு அளவுக்கு வெள்ளையாக ஒரு பூஞ்சை வட்டம். உடனே எல்லாருக்கும், "சாப்பிடாதீங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று செய்தி அனுப்பிவிட்டு, அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "எறக்கி வச்ச புளிக்காய்ச்சல்ல யாராச்சும் பச்சத்தண்ணி ஊத்துவாங்களாடி?"

ஊற்ற மாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் புளிக்காய்ச்சலுக்குத் தெரிந்தது சட்னிக்குத் தோன்றவில்லை. புளிப்பு பெரும்பாலான பாக்டீரியாவைத்தான் அடக்கும். ஈஸ்டும் பூஞ்சையும் புளிப்பைத் தாங்கும், சர்க்கரை கிடைத்தால் கொண்டாட்டமாக வளரும். அவற்றை நிறுத்தி வைப்பது தண்ணீர் இல்லாமைதான். வெல்லமும் உப்பும் நிறைய இருக்கும்போது, இருக்கிற கொஞ்சத் தண்ணீரையும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிக்குக் கிடைக்காது. அந்தக் கட்டை நான் ஐந்து டம்ளர் ஊற்றி அவிழ்த்துவிட்டேன். அதுவும் மறுபடி கொதிக்க வைக்காத தண்ணீர், ஈரப் பாட்டில், வெளியில் வைக்கச் சொன்ன யோசனை. கெட்டியாகிவிட்டால் இளக்க வழி இருக்கிறது, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, மொத்தச் சட்னியும் தளதளவென்று நாலைந்து நிமிஷம் மறுபடி கொதிக்க வேண்டும், அவ்வளவு எளிது. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்ததுதான் நான் செய்தது. நீர்த்துப் போனாலும் சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்காதீர்கள், பார்க்கத்தான் கெட்டி, தண்ணீர் உள்ளேயே இருக்கும். பூஞ்சை கண்ட பாட்டிலை மேலே மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது மேலே இருப்பதுதான், அதன் இழை உள்ளே இறங்கியிருக்கும்.

வீடு வீடாகப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்த வாரத்திலேயே கஷ்டமான வேலை. பெரும்பாலானவர்கள் "பரவாயில்லம்மா" என்றார்கள். ஒரு வீட்டில் பையனுக்கு இரண்டு நாளாக வயிற்று வலி என்றார்கள். அது சட்னியாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. அவன் சரியாகிப் பள்ளிக்குப் போன அன்று வரை நான் காலையும் மாலையும் போய்க் கேட்டேன். அந்த மூன்று நாள் பட்ட பயத்துக்கு முன்னால் பணம் ஒன்றுமே இல்லை. பணக் கணக்கு இதுதான்: புளி, வெல்லம், பேரீச்சை, பொடிகள் எல்லாம் 800, பாட்டில் 26க்கு 572, மேலே ஒட்டுகிற தாளுக்கு 150, கொட்டின புளி 275, மருத்துவச் செலவு 680. வாங்கின 3,120ஐ முழுக்கத் திருப்பிக் கொடுத்தது போக, கையிலிருந்து 2,477 ரூபாய். காஸ் கணக்கில் இல்லை. கடையில் வாங்கியே எல்லாருக்கும் கொடுத்திருக்கலாம்.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வீட்டில் செய்து விற்பதாக இருந்தால், சின்ன அளவாக இருந்தாலும், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவு செய்ய வேண்டும். அக்கம்பக்கத்துக்குத்தானே என்று நான் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? பதிவு செய்யும் வரை இனி காசுக்குச் செய்வதில்லை.

கை ஆறி ஒரு மாசம் கழித்து, யாருக்கும் சொல்லாமல், 250 கிராம் புளியில் மட்டும் மறுபடி செய்தேன். எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, கையால் கரைத்து, சக்கையில் கொஞ்சம் வெந்நீர் விட்டு இரண்டாம் தடவையும் கரைத்து வடிகட்டினேன். அகலக் கடாயில் விழுது மட்டும் பாதியாகச் சுண்டும் வரை கொதித்தது. பிறகு வடிகட்டின வெல்லம், மிளகாய்த் தூள், ஒரு ஸ்பூன் சுக்குப் பொடி. சுக்கைக் குறைத்துவிடாதீர்கள், வடக்கே இந்தச் சட்னிக்கே சோண்ட் என்று பெயர், அப்படியென்றால் சுக்குதான். அது இல்லாவிட்டால் வெறும் புளிப்பாகு. சீரகப் பொடியையும் கறுப்பு உப்பையும் அணைத்த பிறகு போட வேண்டும், கறுப்பு உப்பின் அந்தக் கந்தக வாசனை கொதித்தால் பறந்துவிடும், அது இல்லாமல் சாட் கடை ருசி வராது. தட்டில் கோடு இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டுமே என்று கை பரபரத்தாலும் அடக்கிக்கொண்டு இறக்கினேன். பாட்டில்களைப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, வெயிலில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காய வைத்திருந்தேன். பாட்டில் இளஞ்சூடாக இருக்கும்போதே சூடான சட்னியை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி மூடினேன் (குளிர்ந்த பாட்டிலில் சூடாக ஊற்றினால் விரிசல் விடும்). இந்தத் தடவை தகர மூடி இல்லை, உள்ளே பூச்சுப் போட்ட மூடி. ஆறினதும் நேரே ஃப்ரிட்ஜ். தேதி எழுதி ஒட்டி, ஒரு பாட்டிலைத் தொடாமல் வைத்து வாரத்துக்கு ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்தேன். ஐந்து வாரம் ஆகியும் ஒரு குமிழி இல்லை. எடுக்கும்போது காய்ந்த ஸ்பூன், அதுவும் கிண்ணத்தில் எடுத்தது கிண்ணத்தோடு, மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றுவது இல்லை. பேல்பூரிக்கு நீர்க்க வேண்டுமென்றால் அந்தக் கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் கலக்கிறேன், பாட்டிலுக்குள் இல்லை. நிறைய செய்தால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டு வைப்பது எல்லாவற்றையும்விட வசதி. ஒரு ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், இருபது பேர் வருகிற விசேஷத்துக்கு 250 கிராம் புளியில் செய்வது தாராளமாக வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முந்தின வாரம் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை என்று பிரித்துச் செய்யுங்கள், ஒரே நாளில் ஒரே பாத்திரத்தில் வேண்டாம்.

பிழிந்த சக்கையைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு டப்பாவில் உப்புப் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால், வெள்ளிக்கிழமை குத்துவிளக்கும் பித்தளைச் சொம்பும் தேய்க்க அதைவிட நல்லது கிடையாது.